கை நனைக்கும் முன்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் காபி குடிக்கலாம். பஜ்ஜி தின்னலாம். கேசரி நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கூட வாங்கலாம். ஆனால் இலையில் மட்டும் உட்காரக் கூடாது. உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். "கை நனைச்சாச்சு" என்பார்கள். அதற்குப் பிறகு நகை, நாள், மண்டபம் என்றுதான் பேசலாமே தவிர, வேண்டாம் என்ற பேச்சு வரக் கூடாது. வந்தால் அந்த வீட்டுச் சோற்றை அவமதித்த பாவம் சேரும் என்று என்னை வளர்த்தவர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன். பாதி இப்போதும் நம்புகிறேன்.

என் கல்யாணமே அப்படி முடிந்ததுதான். எனக்குப் பிறந்த வீடு திருமழிசை. மாப்பிள்ளை வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு அயனம்பாக்கம் போனார். நல்ல வெயில் காலம். இவர்கள் வீட்டில் அன்றைக்கு ஏரியில் பிடித்த விரால் மீன் குழம்பு. ரெண்டு வாய் சாப்பிட்டுப் போங்கள் என்று என் மாமியார் சொல்லியிருக்கிறார். அவ்வளவு தூரம் மிதித்த களைப்பு, குழம்பு வாசனை வேறு. அப்பா உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் திரும்பி வந்தவர், கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் வரவில்லை. அம்மாவிடம், "கை நனைச்சிட்டேன்" என்றார். அம்மா, "அப்டியா" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். அவ்வளவுதான்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், எட்டாவது படித்த எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும். என் வீட்டுக்காரரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும், அப்படி ஒரு மனிதர். ஆனால் யாராவது விருந்தாளி வந்து மீன் குழம்பு வைத்தால் போதும், அவர் ஒன்று சொல்வார். "உங்கப்பாரு வெரா மீன் கொழம்புக்கு உன்ன எழுதிக் குட்த்துட்டாரு மே." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனால் தொண்டையில் என்னவோ நிற்கும். மீன் முள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒரே பெண். பி.காம். முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். அவளை முன்பே இரண்டு இடத்திலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். தகவல் சொல்கிறோம் என்று போனார்கள், சொல்லவில்லை. அதை நாங்கள்கூட மறந்துவிடுவோம், எங்கள் தெரு மறக்கவில்லை. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றால், "அந்த வெள்ள கார் வந்துச்சே, அது இன்னா ஆச்சு?" என்று கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, அக்கறையில்தான் கேட்பார்கள். என் பெண் ஆபீஸுக்கு நேர் வழியில் போவதை விட்டுவிட்டு ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இனிமேல் இவளை வீட்டில் வைத்து யாருக்கும் காட்டுவதில்லை என்று மட்டும் மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

மூன்றாவதாக ஆவடியிலிருந்து ஓர் இடம் வந்தது. பிள்ளையின் அப்பாவுக்கு அங்கே ராணுவத் தொழிற்சாலையில் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் பல வருஷமாகக் குவாட்டர்ஸில்தான் இருக்கிறார்கள். பிள்ளைக்கு மகாபலிபுரம் போகிற ரோட்டில் கம்ப்யூட்டர் வேலை, சனிக்கிழமையும் அரை நாள் உண்டு. குவாட்டர்ஸில் ஒரு வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் நாலு வீட்டில் எண்ணுவார்கள் என்று அந்த அம்மா போனில் சொன்னதும் எனக்கு அவர்களைப் பிடித்துவிட்டது. கடற்கரையில் இருக்கிற தாயார் கோவிலில் சந்திப்பது என்று பேசிக்கொண்டோம். பிள்ளைக்கும் வேலை முடிந்து நேராக வர வசதி. கோவில் என்றால் இரண்டு வீட்டுக்கும் பொது. ஒத்து வரவில்லை என்றாலும் சாமி பார்த்த புண்ணியம் மிச்சம்.

அன்றைக்குக் காலையில் விளக்கேற்றும்போது தாயாரிடம் ஒன்று சொன்னேன். இந்தத் தடவை என் பெண்ணை நான் கேட்பேன். கேட்டு, அவள் வாயால் ஒரு பதில் வராமல், அந்த வீட்டுக்காரர்கள் கையால் ஒரு பருக்கை தொடமாட்டேன், என் வீட்டுக்காரரையும் தொட விடமாட்டேன் என்று சொன்னேன். காரில் போகும்போது அவரிடமும் சொல்லி வைத்தேன். போரூர் தாண்டும் வரைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

கோவிலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிள்ளை உயரம், கொஞ்சம் கூச்சம். ஆபீஸ் அட்டையைக் கழற்ற மறந்து கழுத்தில் தொங்கவிட்டபடியே வந்துவிட்டான். அவன் அம்மா அதைக் கழற்றிப் பையில் போட்டதைப் பார்த்து என் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிள்ளையின் அப்பா என் வீட்டுக்காரரிடம் ஏரியில் இந்த வருஷம் தண்ணீர் எப்படி என்று விசாரித்தார். என் வீட்டுக்காரரிடம் ஏரியைப் பற்றிக் கேட்டால் பிறகு அவரை நிறுத்த முடியாது. அர்ச்சனை முடிந்து சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். மற்றவர்கள் அங்கேயே சாப்பிட்டார்கள், அந்த அப்பா மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டு தன் தொன்னையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி. நான் என்னுடையதை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை எனக்குப் பெருமாளுக்காக ஒருபொழுது. மத்தியானம் மட்டும் சாப்பாடு, ராத்திரிக்குச் சோறு கிடையாது, ஏதாவது பலகாரம்தான். அன்றைக்கு அந்தப் பொங்கல் போதும் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் பிள்ளையையும் பெண்ணையும் கொஞ்சம் பேசிவிட்டு வரட்டும் என்று மணலுக்கு அனுப்பினோம். எங்கள் கண்ணில் படுகிற தூரத்தில்தான் நடந்தார்கள். சூரியன் எங்கள் வீட்டுப் பக்கம் இறங்கிவிட்டது, கடல் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. நாங்கள் நாலு பேர் ரோட்டோரம் நின்றோம். எதிரிலேயே ஓட்டல். மேலே தங்குகிற அறைகள், கீழே கண்ணாடிச் சுவர் போட்ட பெரிய சாப்பாட்டுக் கூடம். கதவு திறக்கும்போதெல்லாம் ஏசிக் குளிரும் நெய் ரோஸ்ட் வாசனையும் ரோட்டைத் தாண்டி எங்கள் மேல் அடித்தது.

"வாங்கக்கா, உள்ள போவோம். தம்பி மேசை சொல்லி வச்சிருக்கான். சாப்ட்டுக்கிட்டே பேசுவோம்" என்றார் பிள்ளையின் அம்மா.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. இன்றைக்குச் சனிக்கிழமை, எனக்கு ஒருபொழுது என்றேன். இட்லி சாப்பிடலாமே என்றார். சைவமும் அசைவமும் கலந்து சமைக்கிற இடம் மாதிரித் தெரிகிறதே என்றேன். முதல் மாடியில் தனியாகச் சைவம் இருக்கிறது, நாங்களும் சனிக்கிழமை தொடமாட்டோம் என்றார். திரும்பிப் போக ரொம்ப தூரம், நேரமாகிவிடும் என்றேன். உங்களுக்கு அயனம்பாக்கம் என்றால் எங்களுக்கு அதையும் தாண்டி ஆவடி இல்லையா என்று சிரித்தார். நான் பெருமாளையும் வழித் தூரத்தையும் சாக்குச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன், அந்த அம்மா ஒவ்வொன்றையும் பூவை எடுத்துத் தள்ளுகிற மாதிரித் தள்ளிவிடுகிறார்.

என் வீட்டுக்காரர் என்னை விளக்குக் கம்பத்தின் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னாமே இது, கூப்ட்டுகினே கீறாங்க. போய் உக்காந்தா இன்னா?"

"கார்ல இன்னா சொன்னேன்?"

"சோறு துன்னாத்தான் கை நனைக்கிறது. தோசை டிபன்தானே?"

"சாம்பார் ஊத்துவாங்களா, மாட்டாங்களா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "சட்னி தொட்டுகினு துன்னுட்டு வந்துர்றேன்" என்றார்.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் விடவில்லை. ஊட்டுல துன்னாத்தான் கணக்கு, ஓட்டல் அடுப்பு யாருக்குச் சொந்தம் என்று வாதாடினார். கூப்பிட்டவர்கள் யாரோ அவர்கள் அடுப்புதான் அது என்று நான் சொன்னேன். அவரும் எழுந்ததிலிருந்து அலைச்சல், மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை, எனக்கும் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பசித்த மனிதர் ஒருத்தர் உட்கார்ந்து சாப்பிட்டதில்தானே என் கதை முடிந்தது. அதை அவரிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. விளக்குக் கம்பத்தடியில் சொல்லவும் வரவில்லை.

திரும்பி வந்ததும் நிலைமையைச் சரிசெய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர், "ஒண்ணுமில்ல சம்பந்தி, பொம்பளைங்க பேசி முடிச்சிரட்டும்" என்றார். சம்பந்தி என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். அதைப் பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டார்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. கோபம் இல்லை, வலி. எனக்கு அந்த முகம் தெரியும். வெள்ளைக் கார்க்காரர்கள் தகவல் சொல்லாமல் விட்டபோது கண்ணாடியில் பார்த்த முகம்.

"யக்கா, எங்கள புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிருங்க" என்றார். "எங்க ஊர்லயும் சாப்பிடாம எந்திரிச்சா அதுக்கு என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியும். பட்டினி கெடந்து சொல்ல வேண்டாம்."

இத்தனை நேரம் நான் என் பெண்ணுக்காகச் சாப்பிடாமல் நின்றேன். அவர்களுக்கு அது அவர்கள் பிள்ளையை வேண்டாம் என்று சொல்கிற மாதிரி இருந்திருக்கிறது. ஒரே வழக்கம்தான். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் ஒன்று, அந்தப் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று.

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது பிள்ளையின் அப்பா பேசாமல் போய் நடைபாதையின் குட்டைச் சுவரில் உட்கார்ந்தார். கடல் காற்று குளிராக அடிக்கிறது, அவர் நெற்றியெல்லாம் வியர்வை. சட்டைப் பொத்தானைக் கழற்றப் பார்க்கிறார், விரல் நடுங்கிக்கொண்டு பொத்தானில் நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, ஏரியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார்.

அந்த அம்மா ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார். "மாத்திரைய போட்டுட்டியளா? சாப்பிடுததுக்கு முந்தியே போட்டுட்டியளா?"

மேசை சொல்லி வைத்திருக்கிறதே, நேரத்துக்குச் சாப்பிட்டுவிடுவோம் என்று மனிதர் கோவிலிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டிருக்கிறார். பிறகு எங்கள் பேச்சு இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. மரியாதைக்காக வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறார்.

என் அக்காவுக்குச் சர்க்கரை இறங்கிப் போய் நான் பார்த்திருக்கிறேன். யோசிக்கவே இல்லை. பையிலிருந்த பொங்கல் தொன்னையை எடுத்து நீட்டினேன். அந்த அம்மா பயந்து போய், "அவுகளுக்குச் சக்கரைல்லா இருக்கு, இனிப்பா" என்று என் கையைத் தடுத்தார். அதற்குள் மணலிலிருந்து பிள்ளை ஓடி வந்துவிட்டான், பின்னாலேயே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் பெண்ணும். "குடுங்கத்தை, குடுங்க, இதான் வேணும்" என்று தொன்னையை வாங்கி, அப்பாவைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, சின்னக் குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி விரலால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினான். அவர் பாதியை அவன் சட்டையிலேயே விட்டார். நெய் ஒழுகிற்று. அவன் குனிந்தும் பார்க்கவில்லை.

என் பெண் தண்ணீருக்காக ரோட்டைக் கடந்து ஓட்டலுக்குள் ஓடினாள். இத்தனை நேரம் போக விடாமல் நான் அணை கட்டி நின்ற இடத்துக்குள் எங்கள் வீட்டிலிருந்து முதலில் போனது அவள்தான். அதைப் பற்றி அவளுக்கு நினைப்பே இல்லை. ஒரு செம்பு தண்ணீரோடு, துணைக்கு ஓட்டல்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு முகம் தெளிந்தது. தன்னைச் சுற்றி இவ்வளவு பேர் நிற்பதைப் பார்த்து வெட்கப்பட்டார். தொன்னையைப் பார்த்தார். "இது அவங்க ராத்திரிக்கு வச்சிருந்ததுல்லா" என்றார்.

பிள்ளையின் அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "பாத்தியளாக்கா, நாங்க கூப்பிட்டு நீங்க வரல. உங்க கைச் சாப்பாட்ட எங்க வீட்டு மனுசன் சாப்ட்டாச்சு."

அப்போதுதான் எனக்கே அது உறைத்தது. வழக்கத்தைப் பார்த்தால் இப்போது கை நனைத்தது அவர்கள். நான் சொன்னேன், அது எங்கள் வீட்டுச் சாப்பாடு இல்லை, தாயார் கொடுத்தது, அதற்கு யாரும் யாருக்கும் கட்டுப்படத் தேவையில்லை என்று. சொல்லும்போதே அந்த அம்மா பக்கத்தில் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். இனி சாக்குச் சொல்ல மனசு வரவில்லை.

"உங்க புள்ளைய புடிக்காம இல்லைங்க" என்றேன். "என் கல்யாணத்துல எங்கப்பா சாப்ட்டுட்டு வந்து சொன்னாரு, முடிஞ்சிதுன்னு. என்ன ஒரு வார்த்த யாரும் கேக்கல. அதான், இவள கேக்காம ஒரு பருக்க தொடமாட்டேன்னு காலைல வெளக்குக்கு முன்னாடி சொல்லிட்டு வந்தேன். இவ இன்னும் ஒண்ணும் சொல்லல. நாங்க சாப்ட்டா இவ வாயில நாங்களே பதில வச்ச மாதிரி ஆயிடும்."

என் வீட்டுக்காரர் எனக்கு நேராகத்தான் நின்றிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் செருப்பு மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை.

பிள்ளையின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "என்னைய மட்டும் யாரு கேட்டா?" என்றார். அவருடைய அப்பா பந்தியில் சாப்பிட்டுவிட்டு, கை கழுவின ஈரத்தோடு வந்து, உன்னைக் கொடுத்துவிட்டேன் என்றாராம். இவர் அப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு தட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தாராம். மேலே போட்ட கல்லைப் பிடிக்கவில்லையாம்.

"நா கேட்டேம்லா" என்று பக்கத்திலிருந்து பிள்ளையின் அப்பா சொன்னார்.

"எப்பம் கேட்டிய?"

"கல்யாணத்துக்குப் பொறவு."

எல்லாரும் சிரித்துவிட்டோம். ஆனால் அவர் இன்னும் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், பொங்கல் மட்டும் போதாது என்று பிள்ளை அவசரப்பட்டான். நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள் என்றேன். உங்களை ரோட்டில் நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போய்ச் சாப்பிடுவதா, எனக்கு இறங்காது என்று அவர் எழுந்திருக்க மறுத்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"அன்னா தெரியுது பாருங்க தாயார் கோபுரம். அவ சாட்சியா நா சொல்லுதேன். இன்னைக்கு சாப்பாடு எந்தக் கணக்குலயும் கெடையாது. உங்க பொண்ணு நாளைக்கே வேண்டாம்னாலும் எம் மனசுல ஒண்ணும் வைக்க மாட்டேன்."

எனக்குப் போதும் போலத்தான் இருந்தது. ஆனாலும் விளக்குக்கு முன்னால் சொன்னது ஒன்று இருக்கிறதே. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு என் பெண்ணை மணல் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அலைச் சத்தத்தில் நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது.

அவளை எப்படிக் கேட்பது என்று காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். நேரம் வந்தபோது எல்லாம் மறந்துவிட்டது. "உனக்கு புடிச்சிருக்கா?" என்று மட்டும்தான் வந்தது.

அவள் செருப்பிலிருந்து மணலைத் தட்டினாள். "தெரியலம்மா" என்றாள். "நல்லா பேசுறார். கொஞ்சம் பயந்துகினு பேசுறார். இன்னும் ரெண்டு மூணு வாட்டி பேசினாதான் தெரியும்."

பிறகு அவளே என்னைக் கேட்டாள். "எனக்கும் பசிக்குதும்மா. இப்ப சாப்ட்டுட்டு அப்பறம் வேணாம்னு சொன்னா பாவமா?"

நான் கோபுரத்தைப் பார்த்தேன். விளக்குப் போட்டிருந்தார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அவர்கள் தப்பானவர்களும் இல்லை. சோற்றை மதிக்கச் சொன்னார்கள், அது நல்லதுதான். ஆனால் சோறு வயிற்றுக்குப் போகிறது. ஒரு பெண் போவது வேறொரு வீட்டுக்கு, ஆயுசு முழுக்க இருப்பதற்கு. இரண்டையும் ஒரே இலையில் வைத்துப் பரிமாற வேண்டும் என்று தாயாரா சொன்னாள்? நான் தாயாரிடம் கேட்டது என் பெண் வாயிலிருந்து ஒரு பதில். சரி என்று வர வேண்டும் என்று கேட்கவில்லை. தெரியவில்லை என்பதும் பதில்தானே. என் வயசில் எனக்கு அதைச் சொல்லக்கூட இடம் கிடைக்கவில்லை.

"பாவம் இல்ல" என்றேன். "வா, சாப்டலாம்."

ஓட்டலில் மாடியில் உட்கார்ந்தோம். பெரிய ஜன்னல், அதற்கு அப்பால் இருட்டில் கடல் இருந்தது, தெரியவில்லை, வெள்ளையாக ஒரு கோடு மட்டும் வந்து வந்து போயிற்று. பிள்ளையின் அப்பாவுக்குத்தான் முதலில் பரிமாறச் சொன்னோம். அவர் சப்பாத்தி சாப்பிட்டார். நான் இட்லி. அந்த அம்மா என் தட்டில் இன்னோர் இட்லியை வைத்து, கணக்கு இல்லாத இட்லி என்றார். அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுத்துவிட வேண்டும் என்ற என் நிபந்தனையையும் மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். பிள்ளை நெய்க் கறையோடு என் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அவள் பேசாமல் தன் காகிதத் துவாலையை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். சட்டைக்கு என்று அவளே சொல்ல வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் நெய் ரோஸ்ட் சாப்பிட்டார். சாம்பார் வந்தபோது என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ஊற்றிக்கொண்டார். ஆனால் வழக்கமாகச் சாப்பிடுகிற வேகம் இல்லை. திரும்பி வரும்போது காரில் பெண் தூங்கிவிட்டாள். கோயம்பேடு தாண்டியதும் அவர் மெதுவாக, "அந்த வெரா மீன் கதைய இனிமே சொல்லல" என்றார். சொன்னால் என்ன, எல்லாரும் சிரிக்கிறார்கள்தானே என்றேன். "நீ சிரிச்சியா?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட கேள்விகளில் அது ஒன்றுக்குத்தான் எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார். இல்லை என்றேன். சரி என்றார்.

பிறகு பெண்ணும் பிள்ளையும் போனில் பேசினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் டீ குடித்தார்கள், எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆவடி அம்மா எனக்கு அடிக்கடி போன் செய்தார். ரசப்பொடிக்கு என்ன போடுவீர்கள், அவுகளுக்குச் சர்க்கரை இப்போது பரவாயில்லை, இப்படி. பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாயார் சாட்சியாகச் சொன்னதைக் காப்பாற்றினார். நானும் என் பெண்ணைத் துருவவில்லை. கேட்டாயிற்று, இனி அவள்தான் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு தடவை கேட்பதைவிட, கேட்டுவிட்டுக் காத்திருப்பதற்குத்தான் அதிகம் பொறுமை வேண்டியிருந்தது. விளக்கேற்றும்போது தாயாரிடம் எதையும் கேட்காமல், வெறுமனே கும்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அன்றைக்கு அவள் ஏரிக்கரையைச் சுற்றி வராமல் தெரு வழியாகவே வந்ததை நான் ஜன்னலில் பார்த்திருந்தேன். நான் கோலமாவு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் தினத்தாளை மடித்துவைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம ஆவடிக்கு போலாமாப்பா?" என்றாள். "அவங்க ஊட்டுக்கு. போய் சாப்ட்டுட்டு வரலாம்."

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் ரொம்ப ஜாக்கிரதையாக, ஏரி மதகை இழுத்துத் திறக்கிறவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"டிபனாமா, சாப்பாடா?"

அவள் கைப்பையை நாற்காலியில் வைத்தாள்.

"சாப்பாடுப்பா" என்றாள்.